கோட்டோரத்தில் ஒரு வீராங்கனை: ஜாஸ்மின் ஜாய்ஸ் குறித்த நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை 31. டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலப் பதக்கத்துக்கான மகளிர் ரக்பி ஆட்டம். ஃபிஜி 21, பிரிட்டன் 12. பதக்கம் கைநழுவிப் போன பிரிட்டன் அணியில் வேல்ஸ் நாட்டுக்காரர் ஜாஸ்மின் ஜாய்ஸும் இருந்தார். வயது 25. ஐந்து வருடத்துக்கு முன் ரியோவிலும் அவர் இருந்த அணி இதே ஆட்டத்தில் தோற்று இதே நான்காம் இடத்தில்தான் நின்றது.

இரண்டு ஒலிம்பிக்கில் உலகின் முதல் நான்கு அணிகளுக்குள் வந்த ஒருவர். ஆனால் அன்றைய தேதியில் வேல்ஸ் ரக்பி சங்கம் தன் நாட்டுக்கு ஆடும் பெண்களில் ஒருவருக்குக்கூட முழுநேரச் சம்பளம் கொடுத்ததில்லை. அது வந்தது 2022 ஜனவரியில். ஜாய்ஸுக்கு அப்போது 26 வயது. ஓட்டத்தையே நம்பியிருக்கிற ஆட்டக்காரருக்கு அது இளம் வயது இல்லை.

இந்த வரிசைதான் என்னை இதை எழுத வைத்தது. வழக்கமாக முதலில் சம்பளம், பிறகு பயிற்சி, பிறகு ஒலிம்பிக் என்று போகும். இங்கே எல்லாம் தலைகீழ். ஜாய்ஸ் திறமையானவரா என்ற கேள்வியே எழவில்லை. அதை 20 வயதிலேயே அவர் காட்டிவிட்டார். அந்தத் திறமையை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் கேள்வி. நான் கண்ட வரையில் அவரை ஒவ்வொருவரும் கைமாற்றாக வாங்கினார்கள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரும் ஆட்டமும்

ஜாய்ஸின் ஊர் செயின்ட் டேவிட்ஸ். வேல்ஸின் மேற்குக் கோடியில், பெம்ப்ரோக்‌ஷைர் கடற்கரையில் இருக்கிறது. வெல்ஷ் மொழியில் அதற்கு ‘தெவியின் வீடு’ என்று பொருள்படும் பெயர். வேல்ஸின் காவல் புனிதர் டேவிட்டின் (வெல்ஷில் தெவி) ஊர் என்பதால். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத இடம், ஆனால் பேராலயம் இருப்பதால் ‘நகரம்’ என்ற பட்டம் உண்டு. பிரிட்டனிலேயே சிறிய நகரம் அதுதான். ரயில் நிலையம் கிடையாது. ரயில் பிடிக்க 16 மைல் தள்ளி ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் போக வேண்டும். ரக்பி அதிகாரம் முழுக்கக் குவிந்திருக்கும் தலைநகர் கார்டிஃபுக்குக் காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஊர்ப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சம்பளமில்லாத விளையாட்டில் தூரம் என்பது பணம். மாலைப் பயிற்சிக்கு யார் பெட்ரோல் போடுவது, மறுநாள் காலை வேலைக்கு எத்தனை மணிக்கு எழுவது என்பதெல்லாம்தான் ஒரு பெண் ஆடுவாளா, விட்டுவிடுவாளா என்று முடிவு செய்யும். வேல்ஸ் மகளிர் அணியின் கதையை எங்கே தொட்டாலும் இந்தக் கணக்கு வந்து நிற்கும்.

ரக்பி பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

ரக்பி யூனியனில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று அணிக்கு 15 பேர், 80 நிமிடம். மற்றது அணிக்கு 7 பேர், ஏழு ஏழு நிமிடமாக இரண்டு பாதி; மொத்தம் 14 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். மைதானம் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. தோராயமாக 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு பேர் ஆட்டத்தில் ஒரு ஆளுக்கு 500 சதுர மீட்டர் கிடைக்கிறது. 15 பேர் ஆட்டத்தில் அதே கணக்கு 233 சதுர மீட்டராகச் சுருங்கிவிடும். வேகமாக ஓடுகிறவருக்கு முதலாவது திறந்த வெளி, இரண்டாவது திருவிழாக் கூட்டம்.

அடுத்தது ‘விங்’ என்ற இடம். 15 பேர் அணியில் 11, 14 எண் அணிந்தவர்கள் இரண்டு கோட்டோரங்களிலும் நிற்பார்கள். பந்து முதலில் முன்வரிசைக் கனத்த ஆட்கள் கையில் இருக்கும். அவர்கள் முட்டி மோதி இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து நடுவில் நான்கைந்து கைகள் மாறி, கடைசியில்தான் விங்குக்கு வரும். வந்தால் எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் ‘டிரை’, ஐந்து புள்ளி. முன்வரிசை தோற்றுவிட்டால் விங்குக்குப் பந்தே வராது. உலகின் அதிவேக விங்காக இருந்தாலும் நின்று வேடிக்கை பார்ப்பார், அல்லது எதிரியைத் துரத்தித் தடுத்துக்கொண்டே பொழுதைக் கழிப்பார்.

ஜாய்ஸ் விங். போதாக்குறைக்கு, பலவீனமான அணியின் விங்.

ரியோ: முதல் கைமாற்று

ஒலிம்பிக்கில் ரக்பி 92 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2016-இல் ஏழு பேர் வடிவத்தில் திரும்பி வந்தது. அங்கே வேல்ஸ் என்று ஒரு அணி கிடையாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் சேர்ந்து ‘பிரிட்டன்’. ஆனால் சேர்ந்து என்பது பெயரளவுக்குத்தான். தகுதிச் சுற்றில் மூன்று நாடுகளின் சார்பாகவும் இங்கிலாந்து ஆடியது, இடத்தை வென்று கொடுத்தது. இங்கிலாந்துப் பெண்களுக்கு ஏழு பேர் ஆட்டத்தில் ஏற்கெனவே சம்பள ஒப்பந்தம் இருந்தது, ஆண்டு முழுக்கச் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆக பிரிட்டன் அணியின் முதுகெலும்பு இங்கிலாந்துதான். வேல்ஸிலிருந்து ஒருவர் உள்ளே போக வேண்டுமானால், உலகச் சுற்றில் நிரந்தர இடமே இல்லாத ஒரு அணியில் ஆடிக்கொண்டு, அந்த இங்கிலாந்துப் பெண்களில் ஒருவரைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

20 வயது ஜாய்ஸ் போனார். ரியோ மகளிர் அணியில் வேல்ஸிலிருந்து சென்றவர் அவர் ஒருவர் மட்டும்தான்.

எமிலி ஸ்காரட் தலைமையில் அணி பிரமாதமாகத் தொடங்கியது. பிரிவு ஆட்டங்களில் பிரேசில், ஜப்பான், கனடா மூன்றையும் வென்றார்கள். கனடாவை 22-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் அடித்தார்கள். கால் இறுதியில் ஃபிஜியை 26-7. அரையிறுதியில் நியூசிலாந்திடம் 25-7 என்று தோற்றார்கள். வெண்கலத்துக்கு மீண்டும் கனடா. அதே கனடா இந்த முறை 33-10 என்று திருப்பிக் கொடுத்தது. ஏழு பேர் ஆட்டம் அப்படித்தான்; 14 நிமிடத்தில் ஒரு தவறு இரண்டு டிரையாகப் பெருகிவிடும்.

எனக்கு அந்தத் தோல்வியைவிட அதற்கு அடுத்த வாரம்தான் முக்கியம். ஒலிம்பிக் முடிந்ததும் பிரிட்டன் அணி கலைந்தது. அவரவர் நாட்டுக்குத் திரும்பினார்கள். இங்கிலாந்துப் பெண்கள் திரும்பிப் போனது ஒரு தொழில்முறை ஏற்பாட்டுக்கு. ஜாய்ஸ் திரும்பிப் போன இடத்தில் அப்படி எதுவும் இல்லை. 2017-இல் வேல்ஸின் 15 பேர் அணியில் அறிமுகமானார், அதே ஆண்டு அயர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையிலும் ஆடினார். ஊதியம் இல்லை.

2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் காமன்வெல்த் விளையாட்டு. பெண்களின் ஏழு பேர் ரக்பி அங்கே முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. வேல்ஸ் தன் சொந்தப் பெயரில், சொந்தச் சிவப்புச் சட்டையில் ஆடியது. பிரிவில் ஆஸ்திரேலியா, ஃபிஜி, இங்கிலாந்து. மூன்றிலும் தோல்வி. இங்கிலாந்து வெண்கலத்தோடு வீடு திரும்பியது. நான்கு ஆண்டு கழித்து பர்மிங்ஹாமில் நடந்த அடுத்த காமன்வெல்த்தில் வேல்ஸ் மகளிர் அணியே இல்லை. எட்டு அணிகளில் இலங்கை இருந்தது, ரக்பியைத் தேசிய அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் வேல்ஸ் இல்லை. நம் வாசகர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வேல்ஸில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஒரே உடைமாற்றும் அறை, இரண்டு பாதைகள்

டோக்கியோ அணியில் வேல்ஸில் பிறந்த இன்னொரு பெண்ணும் இருந்தார்: கார்டிஃபின் மெக் ஜோன்ஸ். கார்டிஃபின் வெல்ஷ் மொழிவழிப் பள்ளியான கிளாண்டாவில் படித்தவர். ஜாய்ஸைவிட ஏறக்குறைய ஒரு வயது சின்னவர். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தை. 2015-இலேயே இங்கிலாந்தின் 15 பேர் அணியில் அறிமுகமாகிவிட்டார். டோக்கியோவில் பிரிட்டன் மகளிர் அணியின் இரண்டு தலைவர்களில் ஒருவர்.

இவர் துரோகி, அவர் தியாகி என்று கதை கட்ட இதைச் சொல்லவில்லை. விளையாட்டு உலகில் யார் எந்தச் சட்டையைப் போடுகிறார்கள் என்பதற்குக் குடும்பம், பயிற்சி, படிப்பு என்று ஆயிரம் காரணம் இருக்கும். ஆய்வுக்கு இந்த ஒப்பீடு உதவுகிறது, அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே மண், ஒரே ஒலிம்பிக் அணி. மாறுவது ஒன்றே: பின்னால் நிற்கும் சங்கம். இங்கிலாந்து 2019 ஜனவரியில் 28 பெண்களுக்கு 15 பேர் ஆட்டத்துக்கான முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. வேல்ஸ் அந்த இடத்துக்கு வர இன்னும் மூன்று ஆண்டு ஆனது. வந்தபோதும் எண்ணிக்கை 12.

இங்கிலாந்துச் சங்கமும் கர்ணன் வம்சம் இல்லை. கொரோனா வந்து வருமானம் விழுந்ததும், 2020 ஆகஸ்டில் அவர்கள் முதலில் வெட்டியது ஏழு பேர் ஆட்டத்தைத்தான். ஒலிம்பிக்குக்கு ஓராண்டு இருக்கும்போது வீரர்கள் வேலை இழந்து நின்றார்கள். அந்த டிசம்பரில் தேசிய லாட்டரி பணம் கொடுத்து பிரிட்டன் அணியைத் தூக்கி நிறுத்தியது. ஜாய்ஸ் டோக்கியோ போனது இந்த லாட்டரிப் பணத்தில். அதாவது இரண்டாவது ஒலிம்பிக்கும் இன்னொருவர் தயவுதான்.

அங்கே நடந்ததில் ஒரு ஆட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பிரிவுச் சுற்றில் நியூசிலாந்து. பிரிட்டன் 21-0 என்று முன்னால் போனது. எதிரே நிற்பது உலகின் தலைசிறந்த ஏழு பேர் அணி, பின்னாளில் அந்த ஒலிம்பிக்கின் தங்கத்தையும் வென்ற அணி. சில நிமிடம் மைதானம் திகைத்துத்தான் நின்றது. கடைசியில் நியூசிலாந்து 26-21 என்று வென்றது. பிறகு கால் இறுதியில் அமெரிக்காவை பிரிட்டன் 21-12 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் பிரான்ஸிடம் 26-19. வெண்கல ஆட்டம் எப்படி முடிந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். சில மாதம் முன்பு வரை அணியே இருக்குமா என்று தெரியாதவர்கள் இவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த நான்காம் இடத்துக்குத் தனி எடை உண்டு.

வேல்ஸின் மோசமான வசந்தம்

டோக்கியோவுக்கு மூன்று மாதம் முன், 2021 ஏப்ரலில், வேல்ஸின் 15 பேர் அணி, ஐரோப்பாவின் ஆறு அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் தொடரில் ஆடியது. கொரோனா காரணமாகச் சுருக்கப்பட்ட தொடர். பிரான்ஸிடம் 53-0. அடுத்த வாரம் சொந்த மண்ணில் அயர்லாந்திடம் 45-0. கடைசியில் ஸ்காட்லாந்திடம் 27-20. இரண்டு ஆட்டத்தில் 98 புள்ளி கொடுத்து ஒன்றுகூட எடுக்கவில்லை. பயிற்சியாளர் வாரன் ஏப்ரஹாம்ஸ் அந்தக் கோடையிலேயே விலகினார்.

தோற்றவர்கள் யார் என்று பாருங்கள். தலைவி சிவான் லில்லிகிராப் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் ரக்பித் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். ஆட்டத்தை நடத்தும் 10 எண் வீராங்கனை எலினோர் ஸ்னோசில் 2009 முதல் வேல்ஸுக்கு ஆடிவந்தவர். பகலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. முன்வரிசையில் நிற்கும் குவென்லியன் பீர்ஸ் வடக்கு வேல்ஸின் ஆட்டுப் பண்ணைக் குடும்பத்தில் வந்தவர். இவர்கள் எல்லாரும் வேலை முடித்து, வண்டி ஓட்டி வந்து, இரவில் பயிற்சி செய்து, வார இறுதியில் போய் முழுநேர ஆட்டக்காரர்களை முட்டினார்கள். உடல் ஒத்துழைக்காது. ரக்பியில் கடைசி 20 நிமிடம் தூக்கத்தின் கணக்கு, சாப்பாட்டின் கணக்கு.

அந்த ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட முன்னாள் வேல்ஸ் வீராங்கனைகள் கையெழுத்திட்டுச் சங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பெண்கள் ரக்பியை நீங்கள் நடத்தும் லட்சணம் இதுதான் என்று வெளிப்படையாகச் சொன்ன மனு. பழைய ஆட்டக்காரர்கள் பொதுவாகச் சங்கத்தைப் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். விழாவுக்கு அழைப்பு வராது என்ற பயம் எல்லா நாட்டிலும் உண்டு. இத்தனை பேர் ஒன்றாக நின்றது சங்கத்துக்கு உறைத்தது.

நவம்பரில் யோவன் கன்னிங்ஹாம் பயிற்சியாளராக வந்தார். 2022 ஜனவரியில் 12 பெயர்கள் அறிவிக்கப்பட்டன. லில்லிகிராப், ஸ்னோசில், பீர்ஸ், ஹன்னா ஜோன்ஸ், கீரா பெவன் ஆகியோரோடு ஜாஸ்மின் ஜாய்ஸும் இருந்தார். அவருடைய துணைவி அலிஷா பட்சர்ஸும் அந்தப் பன்னிரண்டில் ஒருவர்; முன்வரிசை எட்டுப் பேரில் ஓரத்தில் நிற்கும் ‘ஃபிளாங்கர்’. இருவரும் பின்னர் திருமணம் செய்துகொண்டு ஜாய்ஸ்-பட்சர்ஸ் என்று பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சம்பளம் என்ன செய்தது

விளைவு பத்து வாரத்தில் தெரிந்தது. 2022 மார்ச்சில் டப்ளின் போய், பின்தங்கியிருந்து மீண்டு, அயர்லாந்தை 27-19 என்று வென்றார்கள். முந்தைய ஆண்டு 45-0 என்று அடித்த அதே அயர்லாந்து. அடுத்து ஸ்காட்லாந்தை 24-19. பிறகு இங்கிலாந்திடம் கிளாஸ்டரில் 14,689 பேர் முன்னிலையில் 58-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பிரான்ஸிடமும் இத்தாலியிடமும் தோற்றார்கள். ஆனாலும் ஆறில் மூன்றாம் இடம்.

அந்த அக்டோபரில் நியூசிலாந்தில் உலகக் கோப்பை. தலைமை ஹன்னா ஜோன்ஸுக்கு மாறியிருந்தது. முதல் ஆட்டம் ஸ்காட்லாந்துடன். நேரம் முடிந்து கடிகாரம் சிவப்பாகிவிட்டது, 15-15. கீரா பெவன் பெனால்ட்டி உதைத்தார், 18-15. அந்த மூன்று புள்ளிதான் வேல்ஸைக் கால் இறுதிக்குக் கொண்டுபோனது. கால் இறுதியில் நியூசிலாந்து 55-3 என்று முடித்துவைத்தது வேறு விஷயம். 2023 ஆறு நாடுகள் தொடரில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலி மூவரையும் வென்று மறுபடி மூன்றாம் இடம்.

சரி, இதில் ஜாய்ஸ் எங்கே? இங்கேதான் இந்த ஆய்வின் சிக்கலான பகுதி வருகிறது.

ஒப்பந்தம் வந்த பிறகு வேல்ஸ் எதில் தேறியது என்றால், முன்வரிசையில். ஜிம்மில் நேரம் கிடைத்ததும் முதலில் கூடுவது பலம். கோட்டோரத்தில் பந்தை உள்ளே எறிந்து வாங்கும் ‘லைன் அவுட்’, அங்கிருந்து எட்டுப் பேரும் பந்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தேர் இழுப்பதுபோல் தள்ளிக்கொண்டு போகும் ‘மால்’; இதுதான் புதிய வேல்ஸின் ஆயுதம். ஐந்து மீட்டர் தூரத்தில் லைன் அவுட் கிடைத்தால் டிரை நிச்சயம் என்ற அளவுக்கு வளர்ந்தார்கள். தேர் நகரும்போது வடத்துக்கு வெளியே நிற்பவருக்கு என்ன வேலை? விங்குக்குப் பந்து வராமலே டிரை விழுந்துவிடும்.

கன்னிங்ஹாம் தவறு செய்தார் என்று சொல்ல மாட்டேன். கையில் இருக்கிற பலத்தைத்தானே யாரும் ஆடுவார்கள். ஆனால் பந்தை அகலமாகக் கொண்டுபோய் விங்கை ஓட விடுவது என்பது மெதுவாக விளையும் பயிர். நடுவில் நிற்கும் நான்கைந்து பேர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆட வேண்டும், ஒருவர் கை இன்னொருவருக்குப் பழக வேண்டும். அந்த ஆண்டுகள் 2017-க்கும் 2021-க்கும் இடையில் இருந்தன. அப்போது யாருக்கும் சம்பளம் இல்லை. ஜாய்ஸின் கால்கள் உச்சத்தில் இருந்ததும் அப்போதுதான். சங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியபோது அணிக்குத் தேவைப்பட்டது வேறொன்று.

ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேல்ஸுக்காக அவர் செய்த பெரிய வேலைகளில் பாதி டிரை போட்டது இல்லை, தடுத்தது. எதிரி விங் தனியாகக் கிளம்பிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போது திரையின் ஓரத்திலிருந்து ஜாய்ஸ் குறுக்காக வந்து காலைப் பிடித்துச் சாய்ப்பார். கபடியில் கோட்டைத் தொடப் போகிறவரின் கணுக்காலைக் கடைசி நொடியில் பிடிப்பதுபோல. பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் அணியின் வேகமான ஆள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால், அணிக்கு எங்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அவர் உள்ளூர் கிளப் ஆட்டத்துக்குப் போனதும் எல்லை தாண்டித்தான்: இங்கிலாந்து லீக்கில் பிரிஸ்டல் பேர்ஸ். அந்த லீக்கில் வேல்ஸ் கிளப் ஒன்றுகூட இல்லை. தேசிய அணியில் பலரும் பிரிஸ்டலிலோ கிளாஸ்டர்-ஹார்ட்பரியிலோ ஆடினார்கள். ஆக வேல்ஸ் வீராங்கனைகளை வாராவாரம் வளர்த்ததும் பெரும்பாலும் இங்கிலாந்தின் பணம்தான்.

பாரிஸ், அப்புறம்

2022-23 பருவம் முதல் உலக ஏழு பேர் சுற்றில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் தனித்தனியாக ஆடுவதை நிறுத்திவிட்டு நிரந்தரமாகவே பிரிட்டன் என்று இறங்கினார்கள். சிக்கன நடவடிக்கை. வேல்ஸின் பெயர் அந்தச் சுற்றிலிருந்து மறைந்தது. ஆனால் ஜாய்ஸ் மாதிரி ஒருவருக்கு இது ஒருவகையில் நல்லது. முன்புபோல நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் கதவாக இல்லாமல், எப்போதும் திறந்திருக்கும் கதவாக ஆனது. பெண்கள் அணி கிராக்கோவில் நடந்த ஐரோப்பிய விளையாட்டில் தங்கம் வென்று பாரிஸுக்குத் தகுதி பெற்றது. 2024-இல் ஜாய்ஸ் மூன்றாவது முறையாகத் தேர்வானார். பிரிட்டன் ரக்பியில் ஆணோ பெண்ணோ வேறு யாரும் அதுவரை மூன்று ஒலிம்பிக்குக்குப் போனதில்லை.

பாரிஸில் பதக்கத்தின் அருகில்கூட வரவில்லை. பிரிவில் அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்றார்கள், கால் இறுதியில் அமெரிக்காவிடம் 17-7 என்று விழுந்தார்கள். ஏழாம் இடம். டோக்கியோவில் இதே கட்டத்தில் இதே அமெரிக்காவை வென்றிருந்தார்கள்.

வீட்டில் நிலைமை அதற்குள் மறுபடி கெட்டிருந்தது. 2023 தொடக்கத்தில் பிபிசி வேல்ஸ் ஒளிபரப்பிய ஒரு புலனாய்வு நிகழ்ச்சி சங்கத்துக்குள் பெண்கள் நடத்தப்படும் விதத்தை அம்பலமாக்கியது. தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஃபிலிப்ஸ் பதவி விலகினார். அதே ஆண்டு நவம்பரில் வந்த சுயேச்சை விசாரணை அறிக்கை சங்கத்தின் கலாசாரத்தைக் கடுமையாகச் சாடியது. 2024 ஆறு நாடுகள் தொடரில் அணி கடைசி இடம். அந்த இலையுதிர் காலத்தில் வீராங்கனைகளின் ஒப்பந்தப் பேச்சு பெரிய சண்டையாக முடிந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் போட்டிகளில் அணியே கலந்துகொள்ளாது என்ற அளவுக்கு மிரட்டல் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. சங்கம் முதலில் மறுத்தது. பிறகு பேச்சுவார்த்தையைத் தான் நடத்திய விதத்தைப் பரிசீலித்துவிட்டு வீராங்கனைகளிடம் மன்னிப்புக் கேட்டது.

12 பேருக்குச் சம்பளம் கொடுத்ததைப் பெரிய கொடையாகச் சொல்லிக்கொண்டவர்கள், மூன்று ஆண்டுக்குள் அதே பெண்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சம்பளத்தை உரிமையாகப் பார்க்காத இடத்தில் அடுத்த பேரம் இப்படித்தான் நடக்கும்.

கன்னிங்ஹாம் போனார். கிளாஸ்டர்-ஹார்ட்பரிக்கு இங்கிலாந்து லீக் பட்டங்களைத் தொடர்ந்து வாங்கிக் கொடுத்த வேல்ஸ்காரர் ஷான் லின் 2025-இல் வந்தார். அந்த ஆண்டு ஆறு நாடுகள் தொடரில் ஐந்து ஆட்டமும் தோல்வி. அதில் ஒன்று கார்டிஃபின் பிரின்சிபாலிட்டி மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக: 67-12. ஆனால் பார்க்க வந்தவர்கள் 21,186 பேர். வேல்ஸில் ஒரு மகளிர் ஆட்டத்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. மக்கள் வரத் தயார். அவர்களுக்குக் காட்ட ஒரு அணியைத் தயார் செய்யும் வேலை மட்டும் பின்தங்கிவிட்டது.

ஜாய்ஸின் வாழ்க்கையில் எதை மாற்றியிருந்தால் கதை மாறியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு 2016 ஆகஸ்டுதான் தென்படுகிறது. ரியோவிலிருந்து ஒரு 20 வயதுப் பெண் திரும்பி வருகிறார். அவரைச் சுற்றி ஐந்தாறு பேரையாவது சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருந்தால், 2021-இல் அந்த 98 புள்ளிகள் விழுந்திருக்குமா? இங்கிலாந்தை வென்றிருப்பார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் ஆள் அதிகம், பணம் அதிகம். ஆனால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலி வரிசையில் வேல்ஸ் முன்னால் இருந்திருக்கும். 12 பேருக்குச் சம்பளம் கொடுத்த முதல் இரண்டு தொடரிலேயே மூன்றாம் இடம் வந்தது என்பதே இதற்குச் சாட்சி.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. ஏழு பேர் ஆட்டத்துக்கு அடிக்கடி போய்விடும் ஒருவரைச் சுற்றி 15 பேர் அணியைக் கட்ட முடியாது, அவர் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அவர் ஏன் போனார்? 2022 வரை 15 பேர் ஆட்டத்தில் வேல்ஸ் அவருக்குக் கொடுக்க எதையும் வைத்திருக்கவில்லை. ஒலிம்பிக் அழைத்தது, போனார்.

2025 உலகக் கோப்பை இங்கிலாந்தில். ஜாய்ஸ்-பட்சர்ஸுக்கு அது மூன்றாவது உலகக் கோப்பை. வேல்ஸ் முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 38-8, இரண்டாவதில் கனடாவிடம் 42-0. கடைசி ஆட்டம் செப்டம்பர் 6, எக்ஸட்டரில். எதிரே மறுபடியும் ஃபிஜி. 28-25 என்று ஃபிஜி வென்றது, மூன்று புள்ளி வித்தியாசம். வேல்ஸ் ஒரு வெற்றிகூட இல்லாமல் ஊர் திரும்பியது.

மூன்று வாரம் கழித்து, 27-ஆம் தேதி, டிவிக்கன்ஹாமில் 81,885 பேர் முன்னிலையில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. நடுவரிசையில் 13 எண் சட்டையில் மெக் ஜோன்ஸ்.